நூற்றாறு சுற்று

அப்பா ஷூவை எடுத்தார். பெரியவள் ரெக்கார்டு போட்டுவிட்டாள் என்று அதற்கு அர்த்தம்.

ஐந்து வருடமாக இந்த வீட்டில் இப்படித்தான். முன்னறையில் தட்டு சுழல ஆரம்பிக்கும். ஊசி இறங்கும். முதல் கிட்டார் சத்தம் வருவதற்குள் அப்பா வாசற்படியில் உட்கார்ந்து லேஸ் கட்டிக்கொண்டிருப்பார். மழை பெய்தாலும் சரி, தெருமுனை வரை நடப்பார். ரெக்கார்டின் ஒரு பக்கம் இருபத்திரண்டு நிமிடம். இருபத்தைந்தாவது நிமிடம் திரும்பி வருவார்.

இன்று சனிக்கிழமை. லிஃப்ட் மெக்கானிக்கான அவருக்கு எட்டரை மணிக்குத்தான் வேலை. இப்போது ஏழு பத்து.

"இன்னைக்காவது ஒரு வார்த்தை நல்லதாச் சொல்லிட்டுப் போங்களேன்," என்றாள் அம்மா. சமையலறையிலிருந்து ஈரக் கையோடு வந்து கதவில் சாய்ந்து நின்றாள்.

"என்ன சொல்லணும்?"

"பதினோரு மணிக்கு அவளுக்கு..."

"தெரியும். மூணு நாளா இந்த வீட்டுல வேற பேச்சு இருக்கா?"

அப்பா எழுந்து பையை இடது கையில் மாட்டினார். அந்தக் கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் பாதிதான். சுவரிடம் பேசுவதுபோல் சொன்னார்.

"அங்க நாலு பேரு சேர்ந்து வாசிப்பாங்க. இங்க மாதிரி ரூமுக்குள்ள தனியா உக்காந்து வாசிக்கிறது இல்ல. அதை ஞாபகம் வச்சுக்கச் சொல்லு."

கதவு சாத்திக்கொண்டது.

"ஆசீர்வாதம் முடிஞ்சுது. கிளம்புக்கா," என்றது போர்வைக்குள்ளிருந்து சின்னவளின் குரல்.

பெரியவள் சிரிக்கவில்லை. ஊசியைத் தூக்கி, அதே பாட்டின் தொடக்கத்தில் மறுபடி வைத்தாள்.

எல்லாவற்றுக்கும் காரணம் அந்தப் போர்வைக்குள் இருந்தவள்தான். பயணிகள் கப்பலில் தினமும் மாலை வாசிக்கும் ஒரு குழு, புதிய கிட்டார் ஆள் தேடுகிறது என்று கேள்விப்பட்டு, தோழியிடம் டேப் ரெக்கார்டர் இரவல் வாங்கி, அக்கா வாசிப்பதைக் கதவிடுக்கில் பதிவு செய்து தபாலில் அனுப்பிவிட்டாள். விஷயம் தெரிந்ததும் அக்கா அவளோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பதில் வந்தது. 'கை வேகம் அபாரம். சனிக்கிழமை பதினோரு மணிக்கு நேரில் வரவும்.'

தேர்வானால் ஒரு வருடம் கப்பலில்.

பெரியவளுக்கு இருபத்தாறு வயது. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறாள். தேய்க்கும் சக்கரத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். மாலைக்குள் விரல் நுனிகள் ஊறி வெளுத்துவிடும். கிட்டார் கம்பி ஏற்றிவைத்த காய்ப்பு அதில் கரையும். வீட்டுக்கு வந்ததும் உட்கார்ந்து, கரைந்ததைத் திரும்ப ஏற்றிக்கொள்வாள். ஆறு வருட வேலையில் ஐந்து வருடம் இப்படிப் போனது. அந்தப் பின்னறையிலிருந்தும், ரெக்கார்டு போட்டால் ஒருவர் எழுந்து போகும் இந்த முன்னறையிலிருந்தும் வெளியேற, அவளிடம் இந்த விரல் நுனிகளைத் தவிர வேறு எதுவும் இல்லை.

அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அப்பா ஒரு காலத்தில் ஒரு குழுவில் வாசித்தவர். லிஃப்ட் விழுந்து, அதன் கதவு இரண்டு விரல்களை எடுத்துக்கொண்ட பிறகு கிட்டார் பரணுக்குப் போய்விட்டது. பெரியவள்தான் அதை இறக்கித் தூசி தட்டினாள். அப்பா வாங்கிச் சேர்த்த நாற்பத்தொரு ராக் ரெக்கார்டுகள் இருந்தன. அவைதான் வாத்தியார்.

வீட்டில் அவற்றின் பெயரை யாரும் சொல்வதில்லை. அட்டைப் படம்தான் பெயர். குதிரை, மஞ்சள் மலை, உடைந்த ஜன்னல், நாற்காலி. முதலில் ரெக்கார்டின் சுருதிக்குக் கம்பிகளை முறுக்குவாள். பிறகு நான்கு சுரம் கேட்பாள், ஊசியைத் தூக்குவாள், கம்பியில் தேடுவாள். கிடைக்காவிட்டால் அதே இடத்தில் ஊசி மறுபடி இறங்கும். ரொம்ப வேகமான இடமென்றால் சுழலும் தட்டின் ஓரத்தில் கட்டைவிரலை வைத்து லேசாக அழுத்துவாள். பாட்டு தளர்ந்து, முனகி, விரலிடுக்கில் மாட்டும். நாற்காலியின் இரண்டாம் பக்கம் மூன்றாவது பாட்டை அப்படிப் பிடிக்க பதினோரு மாதம் ஆயிற்று. இப்போது அதைக் கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பாள்.

ஒரு குறை மட்டும் இருந்தது. அடிக்கடி மெல்லிய கம்பி அறுந்துபோகும்.

போன வருடம் சின்னவள் கல்லூரி இயற்பியல் ஆய்வகத்திலிருந்து ஒரு இசைக்கவையைக் கொண்டுவந்தாள். முழங்காலில் தட்டி, மேசையில் ஊன்றினாள். கவை ஒரு பக்கம் பாடியது, கம்பி ஒரு பக்கம்.

"அக்கா, நீ ஏத்தமா கட்டியிருக்கே. அதான் கம்பி அறுந்துக்கிட்டே இருக்கு."

"உங்க காலேஜ்ல எத்தனை பேரு தட்டித் தட்டித் தேஞ்ச கவையோ அது. ரெக்கார்டு பொய் சொல்லுமாடி?"

சின்னவள் கவையைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். பேச்சு அதோடு முடிந்தது.

---

ஓட்டலின் கீழ்த்தளத்தில் ஒரு நீளமான கூடம். ஓரத்தில் நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. மூன்று பேர் இருந்தார்கள். டிரம்மர்தான் குழுவின் தலைவர், ஐம்பது வயதிருக்கும். கீபோர்டு வாசிக்கும் அக்கா சூயிங்கம் மென்றுகொண்டிருந்தாள். பேஸ் கிட்டார்காரர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

தலைவரின் கண்ணாடியில் வலது லென்ஸ் கொஞ்சம் திரும்பிப் பொருத்தப்பட்டிருப்பதைப் பெரியவள் பார்த்தாள். வேறெதையும் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"என்ன வாசிக்கப் போறே?"

"நாற்காலி. ரெண்டாம் பக்கம் மூணாவது."

மூவரும் நிமிர்ந்தார்கள்.

"நாற்காலியா? அது இங்க நெறைய இருக்கும்மா. எதை வேணா எடுத்துக்க," என்றார் தலைவர்.

காது சூடேற, பெரியவள் அந்தப் பாட்டின் முதல் வரியை முணுமுணுத்தாள்.

"ஓ, அதுவா! பெரிய ஆளுதான் நீ. சரி, ஆரம்பி."

முதல் பிடி. கீபோர்டு கூடச் சேர்ந்தது. இரண்டு சத்தமும் ஒன்றையொன்று கடித்தன.

தலைவர் குச்சியைத் தூக்கிக் காட்டினார். "இரு இரு. கம்பி சேர்த்தியா?"

"சேர்த்தேன்."

"எதை வச்சு?"

"ரெக்கார்டை வச்சு."

"அரைக் கட்டை ஏத்தமா நிக்குதேம்மா."

"உங்க கீபோர்டு எறக்கமா இருக்கலாம்ல?"

கேட்ட பிறகுதான் கேட்டுவிட்டோம் என்று அவளுக்குத் தெரிந்தது. கீபோர்டு அக்கா கோபிக்கவில்லை. "கீபோர்டு எறங்காதும்மா. வருஷா வருஷம் எறங்குறது நான்தான்," என்றாள்.

ஆறு கம்பிகளையும் தளர்த்தினாள். கீபோர்டு அக்கா ஒவ்வொரு சுரமாக அழுத்திக் காட்ட, ஒவ்வொன்றாகச் சேர்த்தாள். மறுபடி தொடங்கினார்கள்.

விரல்கள் தங்கள் இடத்துக்கே போயின. வந்த சத்தம் வேறு யாருடையதோ. வழக்கமாக ஏறும் இடத்தில் ஏதோ சோர்ந்து நின்றது. ஐந்து வருடம் காதை நம்பி வாசித்தவள், காதை நம்பக் கூடாது என்றதும் எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியாமல் வேகத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"பொறும்மா. ரயிலுக்கா போறே? நான் பின்னாடி ஓடி வர வேண்டியிருக்கு."

மூன்றாவது முறை. கையின் வேகத்தைக் கட்டிப்போட்டு வாசித்தாள். நடுவில் கிட்டார் தனியாகப் பேசும் இடம் வந்தது. அது நன்றாகவே போயிற்று. பேஸ்காரர் செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுத்திருந்தார். பிறகு எல்லோரும் சேர வேண்டிய இடத்துக்கு அவள் முதலில் போய்ச் சேர்ந்தாள். தனியாக.

டிரம் நின்றது.

"அந்த இடத்துல ஒரு தாளச் சுத்து எங்க போச்சு?"

"பாட்டே அப்படித்தானே இருக்கு?"

"பாட்டு அப்படி இல்ல. நான் முப்பது வருஷமா இதை அடிக்கிறேன்." தலைவர் கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். "உன் ரெக்கார்டுல அங்க கீறல் இருக்கா?"

இருக்கிறது. முடி மாதிரி மெல்லியதாக, லேசாக வளைந்து. அந்த இடத்தில் ஊசி ஒரு கோட்டைத் தாண்டிவிடும். அந்தத் தாவல் அவளுக்குப் பிடித்த இடம். அந்தக் கிட்டார்காரன் எவ்வளவு துணிச்சலாகத் தாளத்தை மாற்றுகிறான் என்று நினைத்து, அதைப் பிடிக்கவே ஒரு வாரம் பழகினாள்.

"அப்ப சரி," என்றார் தலைவர். "நீ பாட்டைக் கத்துக்கலம்மா. உங்க வீட்டு மெஷினைக் கத்துக்கிட்டிருக்கே. அது வேகமா சுத்துது. அதான் சுருதியும் ஏறிப்போச்சு, நடையும் ஓடுது."

பேஸ்காரர் சிரித்துவிட்டார். உடனே இருமலாக மாற்றினார். அதற்குள் சிரிப்பு அவளிடம் வந்து சேர்ந்துவிட்டது.

அவள் கிட்டாரை உறையில் போட்டாள். ஜிப் பாதியில் சிக்கியது.

"கை நல்ல கை. அதை நான் இல்லைன்னு சொல்லலை," என்றார் தலைவர். "திங்கக்கிழமை காலையில கப்பல் ஆபீசுக்குப் பேரு போகணும். இன்னொருத்தன் வந்துட்டுப் போனான். சுமார்தான். ஆனா எங்களோட சேர்ந்து வாசிக்கிறான். நாளைக்கு நாலு மணிக்கு நாங்க இங்க இருப்போம். அதுக்குள்ள மெஷினைச் சரி பண்ணி, சரியான வேகத்துல பத்து தடவை கேட்டுட்டு வா. வந்தா பார்க்கலாம்."

"வேகம் சரியான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"நிமிஷத்துக்கு முப்பத்து மூணும், மூணுல ஒரு பங்கும் சுத்தணும். எண்ணிப் பாரு."

அவள் வாசல் வரை போய்த் திரும்பினாள். "உங்க வலது லென்ஸ் திரும்பியிருக்கு. அதோட படிச்சா தலை வலிக்கும்."

"வலிக்குதே," என்றார் அவர் ஆச்சரியமாக.

---

"மூணுல ஒரு பங்கை எப்படி எண்ணுவே?" என்றாள் சின்னவள். "மூணு நிமிஷம் எண்ணு. கணக்கா நூறு சுத்து வரணும்."

தட்டின் ஓரத்தில் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டினாள். கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டாள். காகிதம் முன்னால் வரும்போதெல்லாம் பெரியவள் எண்ணினாள். தொண்ணூற்றெட்டு. தொண்ணூற்றொன்பது. நூறு. சின்னவள் "நிறுத்து" என்று சொல்லவில்லை.

நூற்று மூன்று. நூற்று நாலு. நூற்றைந்து.

"நிறுத்து."

"நூத்தாறு."

மறுபடி எண்ணினார்கள். மறுபடியும் நூற்றாறு.

சின்னவள் கடிகாரத்தை மெதுவாக வைத்தாள். "கவை சரியாத்தான் சொல்லுச்சு," என்றாள். அக்காவின் முகத்தைப் பார்த்ததும், "நான் ஒண்ணும் சொல்லலை," என்றாள்.

பெரியவள் தட்டின் இரண்டு பக்கமும் பிடித்து மேலே தூக்கினாள். அப்படியே வந்துவிட்டது. அடியில் ஒரு ரப்பர் பெல்ட். அதன் மறுமுனையில் மோட்டார், மோட்டாரின் தலையில் சுண்டுவிரல் பருமனில் பித்தளைக் கப்பி.

கப்பி பித்தளை நிறத்தில் இல்லை. அதன்மேல் ஏதோ சுற்றியிருந்தது. பழுப்பேறி, பெல்ட் ஓடி ஓடி வழவழவென்று ஆகியிருந்தது.

"கப்பி பருத்தா தட்டு வேகமாச் சுத்தும்," என்றாள் சின்னவள். "கால் மில்லிமீட்டர் கனம் ஏறினாலே போதும்."

பெரியவள் நகத்தால் நெம்பினாள். அது பருத்தி நாடா. இரண்டு சுற்று. முடிச்சு இல்லை. கடைசி நுனியை அடியில் செருகி, மேலே ஒரு சொட்டு வார்னிஷ் வைத்து இறுக்கியிருந்தது.

இருவரும் அந்தச் சொட்டைப் பார்த்தார்கள். யார் கட்டியது என்று கேட்க வேண்டியதில்லை. இந்த வீட்டில் வாணலியின் கைப்பிடி, சின்னவளின் பள்ளிக்கூடப் பையின் வார், அப்பாவின் டார்ச், குடையின் காம்பு எல்லாவற்றிலும் அதே நாடா, அதே செருகல், அதே ஒரு சொட்டு இருக்கிறது. அம்மா மோட்டார் ரீவைண்டிங் பட்டறையில் செம்புக் கம்பிச் சுருள்களை நாடாவால் கட்டுகிறவள். அவள் கட்டியது அவிழ்ந்ததில்லை.

பெரியவள் கப்பியைத் துணியால் துடைத்தாள். நாடா இருந்த இடத்தில் பழுப்பாக இரண்டு வளையக் கறை. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.

---

சனிக்கிழமை பட்டறை அரை நாள். இரண்டரைக்கு அம்மா வந்தாள். கட்டிலின்மேல் கிடந்த தட்டைப் பார்த்தாள். திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தாள்.

"யாரு பிரிச்சது?"

"நான்தான். கட்டுனது யாரு?"

"போன காரியம் என்ன ஆச்சு?"

"அதைத்தாம்மா கேக்கறேன். கட்டுனது யாரு?"

அம்மா பையை இறக்கினாள். "ஒரு வாய் தண்ணி குடுங்கடி," என்றாள். இரண்டு பேரும் அசையவில்லை. அவளே போய்க் குடித்துவிட்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். விரல்களில் வார்னிஷ் காய்ந்திருந்தது. அந்தக் கறையோடுதான் அவள் சாப்பிடுவாள், தூங்குவாள்.

"உங்க அப்பா அடிபட்டு வந்தப்ப உனக்கு ஒம்பது வயசு. இவளுக்கு மூணு. அஞ்சு மாசம் வேலைக்குப் போகலை. சாயங்காலம் ஆனா இந்தப் பெட்டி முன்னாடி கிட்டாரோட உக்காந்துடுவாரு. பாட்டைப் போடுவாரு. மூணு விரல் வச்சுக்கிட்டு அஞ்சு விரல் வேலையைச் செய்யப் பார்ப்பாரு. வராது. சுவத்துல கையைக் குத்துவாரு. மறுபடி போடுவாரு. எத்தனை நாள் பார்த்துக்கிட்டு இருக்கறது?"

"அதுக்கு?"

"உன் புருவத்துல தழும்பு எப்படி வந்துச்சு?"

"ஸ்டூல்லேர்ந்து விழுந்தேன்."

"நான் சொல்லிவச்சது அது. அப்பா வாசிக்கறப்போ நீ பக்கத்துல போய்க் கம்பியைத் தொட்டே. ஒரே தள்ளு. நீ இந்தப் பெட்டி மேல விழுந்தே. ரத்தம். நாற்காலி ரெக்கார்டுல அந்தக் கீறல் அன்னைக்கு விழுந்ததுதான்."

பெரியவளின் கை புருவத்துக்குப் போயிற்று. அந்தக் கீறலில்தான் அவள் ஒரு வாரம் பழகியிருந்தாள்.

"மறுநாளே கட்டிட்டேன்," என்றாள் அம்மா. "பாட்டு கெட்டுக் கேட்டா, மெஷின் போச்சுன்னு தூக்கிப் பரண்ல போட்டுடுவாருன்னு நெனச்சேன். ஊர்ல இருக்கற மோட்டாரை எல்லாம் பிரிச்சுப் பார்க்கறவரு, இதை மட்டும் பிரிக்கவே இல்ல. லிஃப்ட் விழுந்த சத்தத்துல காது அப்பவே இரைஞ்சுக்கிட்டு இருந்துச்சு. டாக்டரு வேற, சில சத்தம் ஏறிக் கேக்கும், தானா சரியாகலாம், ஆகாமலும் போகலாம்னு சொல்லிவச்சிருந்தாரு. ஒரு நாள் சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, எனக்குக் காதும் போச்சுடின்னாரு. அதோட கிட்டாரைப் பரண்ல வச்சாரு. திங்கக்கிழமை வேலைக்குப் போனாரு."

"நீ ஒண்ணும் சொல்லலை."

"சொல்லலை."

"பதினேழு வருஷம்."

"வீட்டுல அமைதி வந்துச்சு. நான் அதைத்தான் பார்த்தேன்."

சின்னவள் தரையைப் பார்த்தபடி கேட்டாள். "அப்பா ஷூவை மாட்டிக்கிட்டு ஓடறது இதனாலதானா?"

"இல்லாம? தனக்குப் பிடிச்ச பாட்டு தப்பாக் கேக்குது. தப்பு தன் காதுலன்னு நெனச்சுக்கிட்டிருக்காரு. எப்படி உக்காந்திருப்பாரு?"

பெரியவள் ஐந்து வருடம் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டிருந்தாள். என் வாசிப்பு பிடிக்கவில்லை; என்னையே பிடிக்கவில்லை. ஒவ்வொரு முறை கதவு சாத்தும்போதும் இன்னும் சத்தமாக வாசித்திருந்தாள்.

"அவருகிட்ட சொல்லலை, சரி. என்கிட்ட?" என்றாள். குரல் உயரவில்லை. "நான் பரண்லேர்ந்து எறக்குன அன்னைக்கே தெரியும்ல உனக்கு? நான் தப்பாக் கத்துக்கறேன்னு தெரிஞ்சே அடுப்படியில நின்னுக்கிட்டு இருந்தியா?"

"பொழுதுபோக்குன்னு நெனச்சேன். ரூமுக்குள்ள வாசிக்கப் போறே, யாரு அளந்து பார்க்கப் போறான்னு." என்றாள் அம்மா. "லெட்டர் வந்த அன்னைக்குச் சொல்லியிருக்கணும். வாய் வரலை. சொன்னா நீ போயிடுவே. அதுவும்தான். பொய் சொல்ல விரும்பலை."

"இப்பதான் விரும்பலையா?" என்றாள் பெரியவள்.

அம்மா விரல் நுனியில் காய்ந்த வார்னிஷைச் சுரண்டினாள்.

பிறகு கையை நீட்டினாள். "அந்த நாடாவைக் குடு. அவரு வர்றதுக்குள்ள திருப்பிக் கட்டிடறேன்."

"நாளைக்கு நாலு மணிக்கு நான் அங்க இருக்கணும். சரியான வேகத்துல கேக்கணும். எனக்கு வேற மெஷின் இல்ல."

"அஞ்சு மணிக்கு அவரு வந்துடுவாரே. வாசல்லயே காதுல விழுமே. காது போச்சுன்னு நம்பி ஒரு மனுஷன் பதினேழு வருஷம் தள்ளிட்டாரு. இப்பப் போய் அது பொய்யின்னா, மீதியை எதை வச்சுத் தள்ளுவாரு? என் முகத்துல எப்படி முழிப்பாரு?"

"அது உன் கவலை."

"உன் கவலையும்தான். என்னைக்காவது தெரிஞ்சா, நீயும் தெரிஞ்சுக்கிட்டு இருந்தவதான்."

அது உண்மை. அதனாலேயே பெரியவளுக்கு அம்மாமேல் அதிகமாக எரிந்தது. நாடாவை மேசையில் வைத்தாள்.

"நாலரை மணி வரைக்கும் நான் கேக்கறேன். அப்புறம் என்ன வேணா கட்டிக்க."

தட்டை வைத்தாள். நாற்காலியை உறையிலிருந்து உருவினாள். ஊசி இறங்கியது.

பாடுகிறவனுக்கு வயதாகிவிட்டிருந்தது. ஐந்து வருடமாக அவள் கேட்டது ஒரு இளைஞனின் குரல். எதற்கோ அவசரப்படுகிற, சண்டைக்குத் தயாராக இருக்கிற குரல். இப்போது பாடியது நாற்பது வயதுக்காரன். களைத்தவன். அவன் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. சண்டை முடிந்த பிறகு உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தான்.

அவள் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு சுரமும் வாசிக்காமல், பாட்டு முழுவதும் கேட்டாள். பிறகு முதலிலிருந்து தொடங்கினாள். விரல்கள் முன்னால் ஓடும்போதெல்லாம் நிறுத்தினாள். ஊசியைத் தூக்கினாள். மறுபடி வைத்தாள். எட்டாவது தடவை, ஒன்றிரண்டு இடங்களில், அவளும் அவனும் சேர்ந்து நடந்தார்கள்.

மணி நாலு பத்து. வாசலில் சாவி திரும்பியது.

அம்மாவின் கை மேசையிலிருந்த நாடாவை அள்ளி மூடிக்கொண்டது.

அப்பா கதவைத் திறந்துகொண்டு நின்றார். தோளில் பை. "முக்கால் மணி நேரம் முன்னாடியே சொல்லிட்டு வந்தேன். என்ன ஆச்சுன்னு..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார்.

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பெரியவள் ஊசியைத் தூக்கப் போனாள். அப்பா பாதி விரல்கள் இருந்த கையை உயர்த்தித் தடுத்தார்.

அவர் திரும்பிப் போகவில்லை. தலையை ஒரு பக்கம் சாய்த்து, பிறகு மறு பக்கம் சாய்த்து, ஒவ்வொரு காதாகக் கேட்டார். கிட்டார் தனியாகப் பேசும் இடம் வந்தது. கீறல் வந்தது. ஊசி தாவியது. அப்பா சட்டென்று பெரியவளின் புருவத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு உடனே கண்ணை எடுத்துக்கொண்டார்.

பக்கம் முடிந்தது. ஊசி வெறும் உள்வட்டத்தில் உரசிக்கொண்டிருந்தது.

அப்பா வாசற்படியில் உட்கார்ந்து லேஸை அவிழ்த்தார். ஒரு ஷூ. இன்னொரு ஷூ. இரண்டையும் சுவரோரமாகச் சேர்த்து வைத்தார்.

"காது தெளிஞ்சிடுச்சு," என்றார் அம்மாவிடம், ரொம்ப மெதுவாக, சத்தமாகச் சொன்னால் கலைந்துவிடும்போல. "சரியாக் கேக்குதுடி. பழைய மாதிரியே கேக்குது. அந்த டாக்டரு சொன்னாருல்ல, தானா சரியாகலாம்னு?"

சின்னவள் வாயைத் திறந்தாள். பெரியவள் அவள் காலை மிதித்தாள்.

"சொன்னாரு," என்றாள் அம்மா.

அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பை மூவரில் அம்மா மட்டும்தான் முன்பு பார்த்திருக்கிறாள். அவள் அதைப் பார்க்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"என்ன சொன்னாங்க அங்க?"

"நாளைக்கு மறுபடி வரச் சொல்லியிருக்காங்க. நாலு மணிக்கு," என்றாள் பெரியவள்.

"போவோம். நானும் வர்றேன். நீ வாசிக்கறதை நான் இன்னும் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை, தெரியுமா?" அவர் எழுந்து வந்து மெஷின் முன்னால் நின்றார். குனிந்து காதைக் கிட்டே கொண்டுபோனார். "மோட்டார் உறுமுது பாரு. எத்தனை வருஷமா எண்ணெய் பார்க்கலையோ, பாவம். இத்தனை நாள் இதைத் தொடவே எனக்கு மனசு வரலை."

"நாளைக்குப் பார்த்துக்கலாமே. டீ போடறேன், குடிங்க," என்றாள் அம்மா.

"நாளைக்கு எதுக்கு? ரெண்டு நிமிஷ வேலை."

"களைச்சு வந்திருக்கீங்கப்பா," என்றாள் பெரியவள். அவள் குரல் அம்மாவின் குரல் மாதிரியே இருந்தது.

அப்பா ரெக்கார்டை எடுத்து உறையில் போட்டார். பையிலிருந்து எண்ணெய்க் குப்பியை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அம்மாவின் மூடிய கை புடவை மடிப்புக்குள் போயிற்று. தட்டுக்கு அடியில், கப்பியில், அந்த இரண்டு பழுப்பு வளையமும் அப்படியே இருந்தன.

அந்தத் தட்டைத் தூக்க எந்தக் கருவியும் வேண்டியதில்லை. இரண்டு கைகள் போதும். விரல்கள் பாதியாக இருந்தாலும் போதும்.

அவர் இரண்டு பக்கமும் பிடித்தார்.